ஞாயிற்றுக்கிழமை முட்டை

எனக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. வளர்த்தது பிள்ளைகள் ஆறு, ஆர்பிங்டன் கோழிகள் முந்நூற்றுச் சொச்சம். பிள்ளைகளை எப்படி வளர்த்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கோழியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

போன வாரம் பத்திரிகையில் நான் சொன்னது வந்ததைப் படித்துவிட்டு ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். ஆர்பிங்டன் குளிர் தேசத்துக் கோழியாம், நம் வெயிலில் தங்காதாம், நான் சொல்வது கதையாம். அந்த ஐயா எத்தனை கோழிக்குத் தண்ணீர் வைத்தவரோ, எனக்குத் தெரியாது. வெயிலில் அது தங்காது என்பது உண்மைதான். அதைத் தங்கவைக்க நான் பட்ட பாட்டைத்தானே வாரா வாரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

சரி, அவரை விடுவோம். இந்த வாரம் ஒரு வரப்பில் தொடங்குகிறேன்.

கும்பப்பூ நெல் அறுத்து முடிந்த வயல். தாள் காய்ந்து காலைக் குத்துகிறது. நான் வரப்பில் நடந்து போகிறேன். இடுப்பில் ஒரு பனையோலைப் பெட்டி. பெட்டிக்குள் இரண்டு கை உமி, வேறொன்றும் இல்லை. வயலுக்கு அந்தப் பக்கம் மேட்டில் பாக்கியத்தின் வீடு. அவள் முற்றத்தில் பழுத்த நெல்லின் நிறத்தில் உருண்டை உருண்டையாக ஐந்தாறு கோழிகள் மேய்கின்றன.

என்னுடைய சேவலும் எட்டுப் பெட்டைகளும் ஐந்தே நாளில் சீக்கில் செத்துப் போயிருந்தன. சுற்றுவட்டாரத்தில் ஆர்பிங்டன் மிச்சம் இருந்தது அந்த ஒரு முற்றத்தில்தான். அந்தக் கோழிக்கு வித்து முட்டைகளை எனக்குத் தந்த வெள்ளைக்கார அம்மா சீமைக்குப் போயிருந்தார். அடுத்த மாதம் கப்பலில் வந்து இறங்குவார், இறங்கியதும் "கோழிகளைக் காட்டு" என்பார். ஆகவே பாக்கியத்திடம் பன்னிரண்டு முட்டை கேட்க வேண்டும்.

பாக்கியமும் நானும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தப்பு என்னுடையது. அதை இப்போது சொல்லித் தொலைக்கிறேன்.

துரைசானி தந்த வித்து

அந்த வெள்ளைக்கார அம்மாவை நாங்கள் துரைசானி என்போம். வியாழக்கிழமைதோறும் மிஷன் வீட்டில் பெண்களைக் கூட்டி வேதம் சொல்லித் தருவார். வேதம் முடிந்தால் கோழி வளர்ப்பு. வேதத்தில் நான் கடைசி பெஞ்சு. கோழி என்றால் முன்னால் வந்துவிடுவேன்.

ஒரு நாள் தவிட்டில் புதைத்துப் பன்னிரண்டு முட்டை கொண்டுவந்தார். பாலில் கொஞ்சம் செம்மண் கலந்த நிறம். கையில் எடுத்தால் கனம். எங்கள் வீட்டில் நல்ல வேலி இருந்ததால் எனக்குத் தந்தார். வேறு காரணம் ஒன்றும் கிடையாது. ஆனால் வேறு பெரிய காரணம் இருந்ததுபோலத்தான் நான் நடந்துகொண்டேன்.

துரைசானியின் தமிழ் வேதப்புத்தகத் தமிழ். "மகளே, ஒரு நாட்டுச் சேவலாகிலும் உன் வேலிக்குள் பிரவேசிக்கலாகாது. இவைகளின் வம்சம் கலப்பில்லாமல் இருக்கக்கடவது" என்றார்.

என் மாமியாருக்கு ஒரு கருப்புச் சேவல் உண்டு. பெற்ற பிள்ளைக்கு இல்லாத செல்லம் அதற்கு. துரைசானி சொன்னதை அவளிடம் சொன்னேன்.

"என்னட்டி சொல்லுகே? எனக்க சேவல வேலிக்கு வெளிய விரட்டணுமா?"

"வித்து கலந்து போவும் மாமி."

"மனுசனுக்கு ஜாதி வேண்டாம்னு சொல்லித்தான் இந்த வேதத்துக்கு வந்தோம். இப்பம் கோழிக்குப் பாக்கத் தொடங்கியாச்சா?"

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சேவலை விரட்டினேன். அது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வேலி ஏறிக் குதித்தது. பத்துத் தடவையும் விரட்டினேன். அந்தக் கிறிஸ்துமசுக்கு மாமியாரே அதைப் பிடித்து அறுத்தாள். என்னை முறைத்துக்கொண்டே கறி தின்றாள்.

பன்னிரண்டில் ஏழு பொரிந்தது. ஒரு சேவல், ஆறு பெட்டை.

கோழியா, மெத்தையா

ஆர்பிங்டனைப் பார்த்தவர்கள் அழகு என்பார்கள். வளர்த்தவளைக் கேளுங்கள்.

உடம்பெல்லாம் மெத்தைபோல இறகு. உச்சிவெயில் வந்தால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நாலடி தள்ளித் தென்னை நிழல் இருக்கும். அங்கே போகத் தோன்றாது. நான்தான் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் நனைத்த மணலில் விட வேண்டும். பருந்து வட்டமிட்டால் நாட்டுக்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஓடும். இதுகள் அண்ணாந்து பார்க்கும்.

அடைக்கு உட்காருகிற ஆசை வேறு. முட்டை இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அதற்குக் காரியமில்லை. ஒரு பெட்டை முற்றத்தில் கிடந்த அம்மிக்குழவிமேல் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தது. சம்மந்தித் துவையல் அரைக்கக் குழவியை எடுக்கப் போனால் கொத்த வரும். கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாள் தலையில் இருந்த கடவப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வாத்தியாரம்மா, இது குழவியப் பொரிச்சிட்டுன்னா எனக்கொரு குஞ்சு தரணும் கேட்டியளா? வீட்டுல கல்லு தேஞ்சு போச்சு."

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அதனால் எனக்கு ஊரில் அந்தப் பெயர்.

அடை தெளிய வேண்டுமென்றால் கோழியைத் தண்ணீரில் முக்க வேண்டும். நாட்டுக்கோழியை முக்கினால் ஒரு உதறு உதறிவிட்டுப் போய்விடும். இதை முக்கினால் அந்த இறகு காய அரை நாள். தும்மத் தொடங்கிவிடும். பிறகு துண்டை எடுத்துத் துவட்டிக்கொண்டு உட்கார வேண்டும். என் பிள்ளைகளுக்குக்கூட நான் அப்படித் தலை துவட்டியதில்லை.

நெல் அவிக்கிற செம்பு

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. கோழி ஞாயிற்றுக்கிழமை இடுகிற முட்டை கர்த்தருக்கு உரியது. அதை எடுத்து வைத்து, அடுத்த ஞாயிறு காணிக்கையோடு படைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் உபதேசியார் வெளியே புளியமரத்தின் அடிமூட்டில் நின்று முட்டை, தேங்காய், வாழைக்குலை எல்லாவற்றையும் ஏலம் போடுவார்.

என் கோழிகள் வாரம் முழுவதும் சும்மா உலாத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்று தவறாமல் இடும். அதுகளுக்கு யார் கிழமை சொல்லிக் கொடுத்தார்களோ!

ஏலத்தில் என் முட்டைக்குத்தான் போட்டி. தின்பதற்கு அல்ல. அடை வைக்க. எல்லோருக்கும் சீமைக்கோழி வேண்டும்.

எனக்கு வயிறு எரிந்தது. மணல் நனைத்தது நான், துவட்டியது நான், மாமியாரிடம் பேச்சுக் கேட்டது நான். இவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைத் தூக்கி ஏலம் கேட்டு வித்தைக் கொண்டுபோவதா? மிஷன் வளவில் நடந்த கோழிக் கண்காட்சியில் துரைசானி எனக்கு ஒரு அலாரக் கடிகாரம் பரிசு தந்து, "இந்த ஊரிலே இவள் ஒருத்தியே" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அந்த ஒருத்தி என்கிற சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நெல் அவிக்கிற நாளில் ஞாயிற்றுக்கிழமை முட்டைகளைத் துணியில் கட்டி, நெல் வேகிற பெரிய செம்புப் பானைக்குள் இறக்கினேன். நெல் வாய் பிளந்தபோது முட்டையும் வெந்திருந்தது. ஓட்டின் நிறத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதைத்தான் காணிக்கையாகக் கொண்டுபோய் வைத்தேன்.

எண்ணிக்கையில் ஒன்று குறைக்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சையாகத்தான் வேண்டும் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்றும் கேட்டுக்கொண்டேன். வேதத்தில் முக்கால்வாசி எனக்குத் தெரியாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மூன்று மாதம் இப்படி நடந்தது. தின்ன வாங்கியவர்கள் அதை மறுபடியும் அவித்துத் தின்றார்கள். அடை வைத்தவர்களுக்கு ஒன்றும் பொரியவில்லை. கூமுட்டையை யாரும் உடைத்துப் பார்ப்பதில்லை, நாற்றத்துக்குப் பயந்து அப்படியே தென்னை மூட்டில் புதைத்துவிடுவார்கள். அதனால் நான் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு தடவை அடை வைத்து ஏமாந்தவள் பாக்கியம். ஓய்வுநாள் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். அவளுக்கு எழுத்து முழுவதும் வந்தது, எனக்குப் பாதியில் நின்றது. அவளைக் கட்டியவருக்கு மலையில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வீடு, பிள்ளைகள், ஆடு, கோழி எல்லாம் அவள் தலையில்.

இரண்டாம் தடவையும் பொரியாமல் போனபோது என் வேலியருகே வந்து நின்றாள்.

"பிள்ளே, இந்தத் தடவையும் ஒண்ணும் பொரிக்கல்ல. தள்ளைக்கோழி இருவத்தோரு நாளும் தின்னாம கெடந்து எலும்பாப் போச்சு. எனக்க கைதான் ராசியில்லாத்த கை, இல்லியா?"

அப்போது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சிலருக்கு அப்படித்தான் பாக்கியம், கை அமையாது" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

தம்ளர் விளிம்பில்

பாக்கியத்தின் மூத்த மகள் சமைந்தாள். எங்கள் பக்கம் அந்தச் சமயத்தில் பெண்ணுக்குப் பச்சை முட்டையை உடைத்து, நல்லெண்ணெயும் ஊற்றி, வெறும் வயிற்றில் குடிக்கக் கொடுப்போம். இடுப்புக்கு உறுதி. பெண்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். நானும் ஒரு பழச்சீப்போடு போயிருந்தேன்.

பாக்கியம் உள்ளேயிருந்து மூன்று முட்டை எடுத்து வந்தாள். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாட்டு முட்டைதான் நல்லது பாக்கியம்" என்றேன். "எனக்க கோழிக்க முட்ட சூடு."

"சும்மா கெட பிள்ளே. எம்மவளுக்குன்னு ஏலத்துல போட்டி போட்டு எடுத்தது. வலிய முட்டையா குடிக்கட்டும்."

தம்ளர் விளிம்பில் தட்டினாள். ஓடு விரிந்தது, ஒன்றும் வடியவில்லை. இன்னொரு தட்டுத் தட்டினாள். வெள்ளையாக ஒரு கட்டி நல்லெண்ணெய்க்குள் பொத்தென்று விழுந்தது. எண்ணெய் அவள் சட்டையில் தெறித்தது.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

"அம்மா, இத அப்படியே முழுங்கணுமா?" என்று அந்தப் பெண் பயந்து கேட்டது.

மூலையில் இருந்த ஒரு கிழவி வாயைத் திறந்தாள். "ஏட்டி வாத்தியாரம்மா, ஒனக்க சீமைக்கோழி அவிச்ச முட்டையா இடுகு? நல்ல கோழியாக்கும். வெறகு மிச்சம்."

வீடே சிரித்தது. பாக்கியம் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எண்ணெய் வழிகிற தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பம் எனக்க கைக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

நான் எழுந்து வந்துவிட்டேன். பாதி வரப்பில்தான் தெரிந்தது, கொண்டுபோன பழச்சீப்பு கையிலேயே இருந்தது.

மாமியார் செய்த காரியம்

சீக்கிரமே நான் பிரசவத்துக்காகக் குளச்சலுக்குப் பக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். ஐந்து மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு திரும்பி வந்தால், வயலுக்கு அந்தப் பக்கம் நெல் நிறத்தில் என்னவோ அசைகிறது.

"மாமி, பாக்கியத்துக்க முற்றத்துல நிக்கது என்னது?"

"கோழி."

"யாருக்க கோழி?"

"அவளுக்க கோழி. ஞாயிற்றுக்கிழம முட்டையப் பச்சையாக் கொண்டுபோய் வச்சேன். நானே ஏலத்துல கேட்டு எடுத்து அவகிட்ட குடுத்தேன். நீ குடுக்க வேண்டியது. ஒனக்க பேரச் சொல்லிக் குடுக்கல்ல, பயப்படாதே."

ஒரு மாதம் மாமியாரோடு நான் பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அது இன்னும் எரிச்சல்.

ஏழெட்டு மாதம் கழித்துச் சீக்கு வந்தது. கழுத்து ஒரு பக்கமாகத் திருகும், வெள்ளையாகக் கழியும், அவ்வளவுதான். மஞ்சள், வேப்பிலை, வெள்ளைப்பூண்டு எல்லாம் அரைத்து ஊட்டிப் பார்த்தேன். கடைசியில் போனது சேவல். வேலியில் சாய்ந்து நின்றபடியே போயிற்று. போய்த் தொட்ட பிறகுதான் தெரிந்தது. வாத்தியார் பள்ளிக்கூடம் விட்டு வந்து குழி வெட்டிப் புதைத்தார். சீக்கு வயலைத் தாண்டவில்லை.

மறுநாள் காலையில் மாமியார், "ஓலப்பெட்டி உறியில இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

வேலிக்கு வெளியே

பெட்டியோடு பாக்கியத்தின் வேலியருகே போய் நின்றேன். அவள் மரச்சீனிக் கிழங்கு அரிந்து பாயில் உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கத்தி நிற்கவில்லை.

"ஆரு?"

"நான்தான்."

"நான்தான்னா ஆரு?"

தினமும் பார்த்த முகம். சொல்ல வைக்கிறாள். "ஞானப்பூ" என்றேன்.

"என்ன வேணும்?"

"முட்ட."

"அவிச்சதா, பச்சையா?"

திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கால் திரும்பியும்விட்டது. அப்போது அவள் வீட்டுச் சேவல் கூவியது. கனமான தொண்டை, பாதியில் மூச்சு வாங்குகிற கூவல். என் சேவலின் பிள்ளை அல்லவா? நின்றேன்.

"பச்ச. பன்னெண்டு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேப்பேன். சொன்னா தாறேன். என்னத்துக்கு அவிச்ச?"

வரப்பில் வரும்போதே மூன்று பொய் யோசித்து வைத்திருந்தேன். மூன்றும் நல்ல பொய்கள். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"எனக்கு மட்டும் இருக்கணும்னு நெனச்சேன்."

"கோழியா?"

"கோழியும். எல்லாரும் எனக்க வேலிக்கு வந்து நின்னு கேக்கதும்."

"எனக்க கை ராசியில்லன்னு நான் வந்து சொன்னப்பம்?"

"தெரிஞ்சுதான் சொன்னேன், பாக்கியம்."

அவள் எழுந்து உள்ளே போனாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். சுளகில் முட்டைகளோடு வந்தாள், மகளையும் கூட்டிக்கொண்டு. ஒரு மரப்பலகையைப் போட்டு அதன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு முட்டையைப் பலகையில் வைத்து விரலால் சுழற்றிவிட்டாள். அவித்த முட்டை பம்பரமாகச் சுற்றும். பச்சை முட்டை தள்ளாடி நின்றுவிடும். இது தள்ளாடி நின்றது.

"பச்ச. பாத்தியா?"

"பாத்தேன்."

அடுத்த முட்டை. அடுத்த சுழற்று. "பாத்தியா?"

"போதும் பாக்கியம். நம்புகேன்."

"நீ நம்பினா என்ன, நம்பாட்டா என்ன. நாளைக்குப் பொரிக்கல்லன்னா ஆரும் எனக்க கையச் சொல்லப்படாது."

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்க்கிறாள். அடை வைக்கிற முட்டையை இப்படிப் போட்டுச் சுற்றினால் கரு கலங்கிப் போகும், அதைச் சொல்ல நாக்கு துடிக்கிறது. சொல்லும் நிலையிலா நான் இருந்தேன்? பன்னிரண்டு தடவை சுற்றினாள். பன்னிரண்டு தடவையும் "பாத்தேன்" என்றேன். பிறகு என் பெட்டியை வாங்கி, உமியில் ஒவ்வொன்றாகப் பதித்துத் தந்தாள்.

ஒரு நாட்டுப் பெட்டையை இரவல் வாங்கி அடை வைத்தேன். இருபத்தொரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாம் நாள் முட்டையை வெயிலில் பிடித்துப் பார்க்கலாம். பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பன்னிரண்டில் நாலே நாலு பொரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பாக்கியம் வரப்பில் வந்து வேலிக்கு வெளியே நின்றாள்.

"எத்தன?"

"நாலு."

"நாலா? இப்பம் ஆருக்க கை செரியில்ல, எனக்க கையா, ஒனக்க கையா?"

"நீ சுத்தின சுத்து! எட்டு முட்டையக் கலக்கித் தந்துட்டு, வந்து நின்னு கேள்வி கேக்கியா!" என்று கத்தினேன். ஒரு வருஷமாகத் தொண்டையில் இருந்தது எல்லாம் அதில் வந்துவிட்டது.

பாக்கியம் சிரித்தாள். வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, குஞ்சுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். என் மாமியார் வெளியே வந்து பார்த்துவிட்டு அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

அடுத்த மாதம் துரைசானி வந்தார். நாலு குஞ்சையும் காட்டினேன். பெரிய கோழிகள் எங்கே என்றார். வயலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். அந்த வருஷம் கண்காட்சியில் கடிகாரம் பாக்கியத்துக்குப் போனது. அவளுடையது ஒழுங்காக ஓடியது. என்னுடையது வந்த நாள் முதல் நின்று நின்றுதான் ஓடியது.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பேத்தி. இங்கே வந்ததும் எழுதாமல் நிறுத்திவிட்டாள்.

"ஆச்சி, பாக்கியம் ஆச்சிக்க மக கோட்டாத்துல வாரா வாரம் இத வாங்கி வாசிக்கியாவளாம். முட்டைய அவிச்சத மட்டும் எடுத்திரட்டா?"

எடுக்கப்படாது. பாக்கியம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் கையைப் பற்றி நான் சொன்ன சொல்லை, அந்த முட்டை உடைகிற வரை ஊரே நம்பியது. உண்மையை அவளுக்கு மட்டும், வேலிக்கு வெளியே நின்று, முட்டைக்காகச் சொன்னேன். சபையில் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டியது. சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஒரு வரியும் எடுக்காதே மக்கா. முதலிலிருந்து வாசி, கேட்கிறேன். கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சத்தமாக வாசி.